ஷார்ஜாவா, அபுதாபியா? சம்பளத்தோடு காப்பீட்டையும் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

மகனுக்கு ஷார்ஜா நிறுவனம் மாதம் 5,000 திர்ஹமும், அபுதாபி நிறுவனம் 4,600 திர்ஹமும் தருவதாகச் சொல்கின்றன, எதை ஏற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மருமகளும் இரண்டு பேரக் குழந்தைகளும் உடன் போவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் ஓட்டு அபுதாபிக்கு.

ஐக்கிய அரபு அமீரகம், மாநிலங்கள் மாதிரியான அமீரகங்கள் பல சேர்ந்த ஒரே நாடுதான்; ஷார்ஜாவும் அபுதாபியும் அவற்றில் இரண்டு. ஆனால் ஊழியருக்கு நிறுவனம் எடுத்துத் தர வேண்டிய மருத்துவக் காப்பீடு அங்கே அமீரகத்துக்கு அமீரகம் மாறுகிறது. அபுதாபி 2005-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. ஊழியருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் 18 வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகள் வரைக்கும் காப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு. துபாயின் 2013 சட்டம் ஊழியரோடு நின்றுவிடுகிறது. குடும்பத்தை விசா எடுத்து அழைத்து வருபவரே அவர்களுக்கான பணத்தைக் கட்ட வேண்டும். ஷார்ஜா, அஜ்மான் போன்ற வட அமீரகங்களில் தனியார் நிறுவனங்களுக்கு ஊழியரின் காப்பீடு மட்டும் கட்டாயமானதே 2025 ஜனவரி 1 முதல்தான். அங்குள்ள அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம். காசுக்கேற்ற தோசை! மருத்துவமனையில் படுத்தால் செலவில் 20 சதவீதத்தை, ஓர் உச்சவரம்பு வரை, நோயாளியே கொடுக்க வேண்டும்.

எங்கே குடியிருக்கிறோம் என்பது இதில் கணக்கில்லை. விசா எந்த அமீரகத்தினுடையதோ, அந்த ஊர்ச் சட்டம்தான். ஷார்ஜாவில் வீடெடுத்துத் துபாயில் வேலை பார்ப்பவர்களுக்குத் துபாய் விதியே பொருந்தும்.

நீங்கள் பெரிதாக நினைக்கும் 400 திர்ஹம் ஆண்டுக்கு 4,800 ஆகிறது. ஷார்ஜா வேலையென்றால் மருமகள், இரண்டு குழந்தைகள் என மூன்று பேருக்கும் மகனே சுமாரான காப்பீடு வாங்கி, குழந்தைகளை நாலைந்து முறை மருத்துவரிடம் காட்டினால் அதில் நல்ல பங்கு கரைந்துவிடும். ஒன்று மட்டும் என் கணக்கைப் புரட்டிப்போடலாம்: அபுதாபியில் வாடகை ஷார்ஜாவைவிட அதிகம். குடியிருப்பை நிறுவனம் தருகிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் "மெடிக்கல் எங்கள் பொறுப்பு" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். விசாவுக்கான உடல் பரிசோதனையை மனத்தில் வைத்தும் அப்படிச் சொல்வார்கள். யார் யாருக்குக் காப்பீடு, எந்த மருத்துவமனைகளில் செல்லும், பிரசவம் அடங்குமா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஊழியரின் காப்பீட்டுக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு மகனை அனுப்பாதீர்கள்.

ஊரில் இருக்கும் உங்கள் இருவருக்கும் இந்தக் காப்பீடு உதவாது. மகன் விமானம் ஏறுமுன் உங்களுக்கென்று தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.