எரிக் தரவுத்தளத்தில் ஒரு முடிவும் வராதபோது

கல்வி ஆய்வுகளுக்கான இணையத் தரவுத்தளமான எரிக்கில் (ERIC) தேடியும் ஒரு முடிவும் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மேற்கோள் குறிகளை நீக்கிவிட்டு, கேள்வியைத் தனித்தனிக் கருத்துகளாகப் பிரித்துத் தேடுங்கள். "பள்ளி நூலகம் மாணவர்களின் வாசிப்பை எவ்வாறு மாற்றுகிறது" என்பதை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக மேற்கோள் குறிகளுக்குள் இட்டதாக எழுதியுள்ளீர்கள். அவ்வாறு இடும்போது அதே சொற்கள் அதே வரிசையில் அமைந்த பதிவை மட்டுமே எரிக் தேடுவதால், வெறுமை வந்ததில் வியப்பில்லை.

ஒரே கருத்துக்குரிய மாற்றுச் சொற்களை 'ஆர்' (OR, அல்லது) கொண்டு அடைப்புக்குறிக்குள் சேர்த்து, வெவ்வேறு கருத்துகளை 'ஆண்ட்' (AND, மற்றும்) கொண்டு இணையுங்கள். முன்னது முடிவுகளைப் பெருக்கும், பின்னது குறைக்கும். தொடக்கத்தில் இவற்றை மாற்றிப் போடாதவர் அரிது.

அடுத்து ஒரு சோதனை: ஓரளவேனும் பொருந்தும் ஒரு கட்டுரையின் பதிவைத் திறந்து, அதில் 'டிஸ்கிரிப்டர்ஸ்' (Descriptors) என்ற தலைப்பின்கீழ் உள்ள பொருட்சொற்களை, அதாவது கட்டுரையின் பொருளைக் குறிக்க எரிக் தன் நிலையான சொற்பட்டியலிலிருந்து இடும் சொற்களைப் பாருங்கள். 'ஸ்கூல் லைப்ரரீஸ்', 'ரீடிங் ஹாபிட்ஸ்' போன்றவை அங்கிருந்தால், நீங்கள் ஊகித்த சொற்களுக்குப் பதிலாக அவற்றைக் கொண்டே மீண்டும் தேடுங்கள். என் பார்வையில், வேறெந்த உத்தியையும்விட இதுவே அதிகப் பயன் தரும்.

ஆனால் அண்மையில் தோன்றிய கருத்துகளுக்கு அந்தச் சொற்பட்டியலில் இன்னும் இடம் கிடைத்திராது என்பதால், அவற்றுக்கு இயல்பான சொற்களையே நம்ப வேண்டும். 'முழு உரை மட்டும்' என்ற வடிகட்டியையும் முதலிலேயே இட வேண்டாம். இதழ்க் கட்டுரைகள் பலவற்றுக்கு எரிக்கில் சுருக்கம் மட்டுமே இருக்கும்.