நாட்டுக்கோழிப் பட்டிக்குப் பறவைக் காய்ச்சல் வராமல் காப்பது எப்படி?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் 250 நாட்டுக்கோழியும் 14 வாத்தும் வளர்க்கிறேன். தோப்பை ஒட்டி ஓடை போகிறது. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. இதற்குத் தடுப்பூசி உண்டா? கோழி செத்தால் ஆபீசில் சொல்லாதே, மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நான் என்ன செய்ய வேண்டும் ஐயா?

பதில்: பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். மறுபடி குஞ்சு இறக்கவும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளைபோல வளர்த்தவருக்கு இது பெரிய அடிதான்.

ஆனால் ஒரு கோழி செத்ததற்காக யாரும் வந்து பட்டியை அழிப்பதில்லை. மருத்துவர் வந்து மாதிரி எடுப்பார். அது போபாலில் இருக்கும் தேசிய ஆய்வகத்துக்குப் போய் உறுதியானால்தான் அடுத்த நடவடிக்கை. அப்புறம் இன்னொன்று. மத்திய அரசுத் திட்டப்படி இழப்பீடு கணக்கிடுவது உயிரோடு இருந்து அழிக்கப்படும் கோழிகளுக்கு. இந்த நோய் வந்தால் இரண்டு மூன்று நாளில் பட்டியில் பெரும்பகுதி சாய்ந்துவிடும். மறைத்து நாள் கடத்தினால் கோழியும் போகும், பணமும் போகும்.

2008-இல் மேற்கு வங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் பீர்பூம் மாவட்டத்தில் வீட்டுக்கோழிகளில் தொடங்கியது. பலர் கோழிகளை ஒளித்து வைத்தார்கள், கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். நோய் 13 மாவட்டங்களுக்குப் பரவி, சுமார் 40 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. நம்மைப் போன்ற நாட்டில் கோழி இல்லாத கிராமம் ஏது? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதிகாரியை நிறுத்த முடியாது. நோய் வந்திருப்பதை முதலில் பார்ப்பது காலையில் பஞ்சாரத்தைத் திறக்கும் நீங்கள்தான். நீங்கள் போன் செய்யும் நேரத்தைப் பொறுத்துத்தான் அடுத்த ஊர் தப்பிப்பது.

தடுப்பூசி விஷயம். கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகைக்கு நம் நாட்டில் தடுப்பூசி போடும் முறை இல்லை; கண்டுபிடித்து அழிப்பதுதான் இங்கே வழி. எச்9என்2 என்ற லேசான வகைக்குத் தடுப்பூசி உண்டு, அது இதற்குக் காவல் ஆகாது. யாராவது பாட்டிலோடு வந்தால் வாங்காதீர்கள். ஆனால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்: 7-ஆம் நாள் லசோட்டா சொட்டு, 8-ஆவது வாரம் ஊசி. இந்த இரண்டு நோயையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. வெள்ளைக்கழிச்சலுக்கு ஒழுங்காகப் போட்ட பட்டியில் கொத்தாகச் செத்தால், சந்தேகம் உடனே சரியான பக்கம் திரும்பும்.

உங்கள் தோப்பில் எனக்குப் பெரிய கவலை அந்த 14 வாத்துகள். வாத்து இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டே நோய் தெரியாமல் திரியலாம். 2014-இல் ஆலப்புழையில் வெடித்ததும், 2024 ஏப்ரலில் அங்கே எடத்துவா, செறுதனையில் வந்ததும் வாத்துகளில்தான். உங்கள் வாத்து பகலில் ஓடையில் காட்டு நீர்ப்பறவைகளோடு நீந்தி, மாலையில் கோழித் தொட்டியில் தண்ணீர் குடித்தால் ஓடைக்கும் பட்டிக்கும் நாமே பாலம் போட்டதாகிவிடும். வாத்துக்குத் தனி அடைப்பு, தனித் தொட்டி கட்டாயம். கோழிக்கு ஓடைத் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீர் கொடுங்கள். தீவனத்தைக் கூரைக்குக் கீழே வையுங்கள்; காக்கை, கொக்கு வந்து எச்சமிடக் கூடாது.

ஓடையைவிட ஆட்கள் கொண்டுவருவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். கிருமி எச்சத்தில் 4 டிகிரி குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். 37 டிகிரி சூட்டிலும் சுமார் ஆறு நாள் தாங்கும். செருப்பு, சைக்கிள் டயர், கோழி ஏற்றும் கூண்டு, எருச் சாக்கு எதில் வேண்டுமானாலும் வரும். ஒரு பண்ணையில் காலை நனைத்துவிட்டு உள்ளே போக வாசலில் மருந்துத் தொட்டி கட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன்: அடியில் இரண்டு விரல் சேறு, மேலே ஒரு தென்னங்கீற்று, வெயிலில் வற்றிய மிச்சத் தண்ணீர். சேறு படிந்த பிளீச்சிங் தண்ணீரில் வீரியம் இருக்காது. அதைவிட, பட்டிக்குள் மட்டும் போட ஒரு ஜோடி செருப்பை வாங்கி வாசலில் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும். சோப்புக்கே இந்தக் கிருமி சாகும். செலவு இருநூறு ரூபாய்கூட ஆகாது.

வியாபாரி தோப்பு கேட்டுக்கு வெளியே நிற்கட்டும், கோழியை நீங்கள் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய கூண்டு உள்ளே வரக் கூடாது. கோழி எரு வாங்க வருகிறவருக்கும் இதே சட்டம்தான். அவர் கொண்டுவரும் பழைய சாக்கை வாங்காதீர்கள். சந்தையில் விற்காமல் திரும்பிய கோழியை நேராகப் பட்டியில் விடாமல் இரண்டு வாரம் தனியே அடையுங்கள். கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிகளில் வண்டிக்கு மருந்து அடித்தாலும், உங்கள் கேட்டில் நிற்கும் வண்டி உங்கள் பொறுப்பு.

கொண்டை, தாடி நீலம் பூப்பது, முகம் வீங்குவது, காலில் ரத்தத் திட்டு, முட்டை திடீரென நிற்பது, தோல்முட்டை, எந்தக் குறியும் காட்டாமல் சாவது: இதில் எது தெரிந்தாலும், ஒரே நாளில் மூன்று நான்கு செத்தாலும், தோப்பில் காக்கை செத்துக் கிடந்தாலும் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்; கால்நடை உதவி எண் 1962-க்கும் கூப்பிடலாம். மருத்துவர் வரும்வரை செத்ததை ஓடையில் வீசாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். வாயையும் மூக்கையும் துணியால் இறுகக் கட்டி, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்து, மூடியுள்ள டிரம்மில் போட்டு வையுங்கள். குழந்தைகளைக் கிட்டே விட வேண்டாம். ஆந்திராவில் 2025-இல் இரண்டு வயதுக் குழந்தை இந்தக் காய்ச்சலில் இறந்தது, பச்சைக் கோழித் துண்டை வாயில் வைத்த பிறகு. நன்றாக வெந்த கறிக்கும் முட்டைக்கும் பயப்பட வேண்டாம், 70 டிகிரி சூட்டில் கிருமி சாகும். ஆனால் நோயில் செத்த கோழியைக் குழம்பு வைக்க யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வாத்து அடைப்பை இந்த வாரமே கட்டுங்கள். செருப்பும் வாளியும் இன்று சாயந்திரமே வாசலுக்கு வந்துவிட வேண்டும்.