ஏணி கேட்காத பாஸ்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கூரையைப் பற்றியவை. மலைநாட்டில் ஹட்டன், டிக்கோயா, வட்டவளை என்று முப்பத்திரண்டு வருஷம் கூரை போடுகிற பாஸாக, அதாவது மேஸ்திரியாக, கூரை மேல் திரிந்தவன் நான். இப்போது முழங்கால் ஏணியில் ஏற விடுவதில்லை. எழுதுவதற்கு முழங்கால் தேவையில்லை என்பதால் நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

*அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றதும் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில், பழைய தகரத்தை எடுத்துவிட்டுப் புதுக் கூரை போடப் போகிறோம். மூன்று பாஸ்மாரிடம் கேட்டோம். ஒருவர் போனிலேயே மிகக் குறைந்த விலை சொன்னார், பாதிப் பணத்தை முன்னால் கேட்கிறார். இன்னொருவர் எங்களுக்கு மாமா முறை. மூன்றாமவர் வந்து பார்க்காமல் விலை சொல்ல முடியாது என்கிறார். யாரை நம்புவது ஐயா?*
— வாசகி, பொகவந்தலாவை

மூன்றாமவரை. இதோடு நிறுத்தினால் ஆசிரியர் விட மாட்டார், அதனால் காரணத்தையும் எழுதுகிறேன்.

உங்கள் வீடு முப்பதடி நீளம், இருபதடி அகலம் என்று வைத்துக்கொள்வோம் மகள். போனில் விலை சொன்னவர் 600 சதுர அடி என்று கணக்குப் போட்டிருப்பார். ஆனால் நாலு பக்கமும் இரண்டடி தாழ்வாரம் இறக்கினால் 34க்கு 24, அதாவது 816. கூரை சரிவாக நிற்பதால் அதிலும் கூடும். இருபது பாகை சரிவென்றால் ஏறக்குறைய 870 சதுர அடி. சீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடமும் முகட்டுத் தகரமும் இதில் சேரவில்லை. 600க்கு விலை சொன்னவர் பாதி வேலையில் இறங்கி வந்து, "சீட் போதவில்லை அக்கா" என்பார். அந்த நேரம் உங்கள் வீட்டுக்குக் கூரையே இருக்காது. நீங்கள் என்ன பேரம் பேசுவீர்கள்?

வீட்டுக்கு வருகிற பாஸ் முதலில் ஏணி கேட்க வேண்டும். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு விலை சொல்பவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே ஏறுகிறவர் ஒரு திருப்புளியால் கைமரத்தையும், சீட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான ரீப்பையையும் குத்திப் பார்க்க வேண்டும், முக்கியமாகச் சுவரில் உட்காருகிற முனையை. எங்கள் பக்கம் சவுக்கு மரம்தான் அதிகம். வெளியே பார்த்தால் திடமாக இருக்கும், உள்ளே செல் அரித்திருக்கும். மரத்தைப் பார்க்காமல் சீட்டுக்கு மட்டும் விலை சொல்வது, காலைப் பார்க்காமல் சப்பாத்து தைப்பது போல.

இறங்கி வந்ததும் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த முனையிலிருந்து சீட் போட ஆரம்பிப்பீர்கள், ஏன்?"

இந்தக் கேள்வியின் விலை எனக்குத் தெரியும். நான் பாஸான முதல் வருஷம், வட்டவளையில் ஒரு வீடு. லொறி மேற்குப் பக்கம் சீட்டை இறக்கிவிட்டுப் போனது. தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு அந்த மேற்கு முனையிலிருந்தே அடிக்க ஆரம்பித்தேன். மாசி மாதம், நல்ல வெயில், கூரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஜூனில் தென்மேல் பருவக்காற்று மேற்கிலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஒவ்வொரு சீட்டின் ஓரமும் காற்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே ஏழு இடத்தில் ஒழுகல். கிழக்கு முனையில் ஆரம்பித்து மேற்கே போயிருந்தால் மேல் சீட்டின் ஓரம் காற்றுக்கு முதுகைக் காட்டியிருக்கும். அந்தச் சரிவு முழுவதையும் கழற்றி, கூலி வாங்காமல் திருப்பிப் போட்டேன். அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மத்தியானம் சோறு போட்டார். அதுதான் அதிகம் சுட்டது.

ஆகவே, உங்கள் பாஸ் மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று உங்களிடமே கேட்டால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அவர் போட்ட கூரை ஒன்றைப் போய்ப் பாருங்கள். போன மாதம் போட்டதல்ல, குறைந்தது இரண்டு பருவமழை கண்டதாக இருக்க வேண்டும். மழை நாளில் போனால் இன்னும் நல்லது. அந்த வீட்டு ஆண்களிடம் கேட்டால் "நல்ல மனுஷன்" என்பார்கள். எந்த மூலையில் சட்டி வைக்க வேண்டியிருக்கிறது என்பது அந்த வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். அவரிடம் கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: ஒழுகியபோது கூப்பிட்டால் பாஸ் வந்தாரா? எந்தக் கூரையும் ஒரு தடவை ஒழுகலாம். வந்து ஏறிப் பார்ப்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

மாமா விஷயம். மாமா நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்க உங்களால் முடியுமா? முடியுமென்றால் மாமாவும் சரி. "சொந்தத்துக்குள்ளே என்ன எழுத்து" என்று அவர் சிரித்தால், அடுத்த கலியாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைமை வரும். கூரையும் போய் மாமாவும் போவானேன்.

பணத்தைப் பற்றி. பாதிப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். சாமான் வாங்கத்தான் முற்பணம் என்று சொல்வார்கள். அப்படியானால் பாஸையும் கூட்டிக்கொண்டு ஹார்ட்வெயாருக்கு நீங்களே போங்கள், சாமானுக்குக் கடைக்காரரிடம் நேரே காசு கொடுங்கள், பில் அம்மாவின் பெயரில் இருக்கட்டும். சிங்-அலும் சீட் (துத்தநாகமும் அலுமினியமும் பூசிய தகடு) என்றால் கனத்தைக் கேளுங்கள். உங்கள் பக்கத்துக் காற்றுக்கு 0.47 மில்லிமீற்றர் நல்லது. அதைவிட மெல்லிய சீட்டும் அதே நிறத்தில், அதே பளபளப்பில் விற்கும், கண்ணால் பார்த்தால் தெரியாது. சீட்டின் அடிப்பக்கம் கனம் அச்சடித்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். போனில் சொன்ன அந்தக் குறைந்த விலை பெரும்பாலும் இந்த மெல்லிய சீட்டில்தான் ஒளிந்திருக்கும்.

கூலியைப் பத்துப் பங்காக வையுங்கள். பழைய தகரம் இறங்கியதும் இரண்டு, சீட் முழுக்க ஏறியதும் ஐந்து, முகடும் மழைத்தண்ணீர்ப் பீலியும் முடிந்ததும் இரண்டு. மிஞ்சிய ஒன்று முதல் பெருமழைக்குப் பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாத பாஸ் தன் வேலையையே நம்பவில்லை என்பது என் கட்சி. சில நண்பர்கள் இதை எழுதியதற்காக என்னோடு கோபிப்பார்கள், பரவாயில்லை.

கடதாசியில் பெரிய சட்ட பாஷை வேண்டாம். சீட்டின் கனம், எத்தனை சதுர அடி, கூலி எவ்வளவு, எப்போது தொடங்கி எப்போது முடியும், பழைய தகரமும் மரமும் யாருக்கு (சண்டை வருவது அநேகமாக இதில்தான்), இடையில் மழை வந்தால் தறப்பாள் யார் கொண்டுவருவது, மேலேயிருந்து யாராவது விழுந்தால் செலவு யாருடையது. இருவரும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அடையாள அட்டை இலக்கமும் எழுதிவிடுங்கள். பிற்பாடு பிணக்கு வந்து மத்தியஸ்த சபைக்குப் போனால் கையில் காட்ட அந்தத் தாள் இருக்கும். கடையில் கொடுத்த சீட்டில் ஏமாற்று என்றால் பாவனையாளர் (நுகர்வோர்) அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குப் பேசலாம். அதற்கும் பில் வேண்டும்.

சான்றிதழ் கேட்கலாமா என்று யோசிப்பீர்கள். தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் வைத்திருக்கிற இளம் பாஸ்மார் இப்போது இருக்கிறார்கள், இருந்தால் சந்தோஷம். ஆனால் தோட்டப்புறத்தில் நல்ல பாஸ் பலரிடம் ஒரு தாளும் கிடையாது. என்னிடமும் இல்லை.

வேலை நடக்கும்போது நாற்காலியைப் போட்டு முற்றத்தில் உட்காருங்கள். திருகாணி சீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாசர் பதிந்தால் போதும், பிதுங்கினால் வெயிலில் வெடித்துவிடும். கிரைண்டரால் சீட்டை அறுத்தால் நெருப்புப் பொறி பறந்து பூச்சில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நாளில் அந்த இடமெல்லாம் துருப்புள்ளி. நல்ல பாஸ் தகரக் கத்தரியால் வெட்டுவார், சாயங்காலம் இறங்கும்போது கூரையைக் கூட்டிவிட்டு இறங்குவார்.

நேரம் என்று பார்த்தால் உங்கள் பக்கத்துக்குத் தை, மாசி. சித்திரை வருஷத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாஸ் ஊருக்குப் போய்விடுவார், இடி மழை பின்னேரம் தவறாமல் வரும், நீங்கள் தறப்பாளுக்குக் கீழே பலகாரம் சுடுவீர்கள்.

*எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா, ஒரே கூரை. எங்கள் காம்பராவுக்கு மேல் தகரம் ஓட்டை. கல்லும் டயரும் வைத்துப் பார்த்துவிட்டோம். சொந்தக் காசில் எங்களுக்கு மட்டும் மாற்றலாமா?*
— வாசகர், பசறை

தம்பி, முதலில் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். நீங்கள் காசு போட்டு மாற்றினாலும் பின்னால் பேச்சு வரும். வாயால் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர்களே செய்து தந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்களே போட அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள்.

வேலை என்று பார்த்தால், ஒரு காம்பராவுக்கு மட்டும் புதுத் தகரம் போடுவது பழைய சேலையில் புதுத் துண்டு தைப்பது போல. பழைய தகரத்தின் மேடு பள்ளமும் புதியதன் மேடு பள்ளமும் பொருந்தாவிட்டால் இடைவெளி வழியாகத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஓட்டை உங்களுடையது, ஒழுகல் அவர்களுடையது, சண்டை பொதுவானது. பாஸிடம் பழைய தகரத்தின் துண்டு ஒன்றைக் கொடுத்து, அதற்குப் பொருந்துகிற சீட்டைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் சுவரைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு சீட் கூடுதலாகப் போட பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். முடிந்தால் நாலைந்து வீடு சேர்ந்து பணச் சீட்டுப் பிடித்து, அந்தச் சரிவு முழுவதையும் ஒன்றாக மாற்றுவதுதான் லாபம்.

ஹட்டன் பக்கத்திலிருந்து பாஸ் வந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் பெருமழை வடகீழ் பருவத்தில் வருவது. நாங்கள் மேற்கைப் பார்த்துப் பழகியவர்கள், பழக்கத்தில் தலைகீழாகப் போட்டுவிடுவோம்.

*புதுக் கூரை போட்டு மூன்று மாதம். மழையே இல்லாத விடியற்காலையில் கட்டிலில் சொட்டுகிறது. பாஸ் மறுபடி வந்து சிலிக்கன் அடிக்கக் காசு கேட்கிறார்.*
— வாசகி, நானுஓயா

கொடுக்காதீர்கள். அது ஒழுகல் இல்லை, கூரை வியர்க்கிறது. உங்கள் ஊரில் தை மாதம் புல்லில் உறைபனி படிகிறது. அந்தக் குளிரில் தகரம் பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும். வீட்டுக்குள் நாம் விடுகிற மூச்சும் அடுப்பு ஆவியும் மேலே போய் அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது. வெயில் ஏறியதும் நின்றுவிடுகிறதா, ஒரே இடத்தில் இல்லாமல் சீட்டின் அடிப்பக்கம் முழுக்க ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆமென்றால் அதுதான். குசினி ஆவி வெளியே போக முக்கோணச் சுவரில் இரண்டு பக்கமும் காற்றுத் துளை வையுங்கள். பிறகு கையில் காசு சேரும்போது சீலிங் அடியுங்கள். சீட்டுக்குக் கீழே வெள்ளித்தாள் படலம் விரித்திருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கும். போடும்போதே அதைச் சொல்லாதது பாஸின் குறைதான்.

*ஆஸ்பெஸ்டஸ் கூரையை மாற்றுகிறோம். பழைய சீட் நல்ல நிலையில் இருக்கிறது. மாட்டுக் கொட்டிலுக்குப் போடலாமா?*
— வாசகர், புசல்லாவை

உடையாமல் இறங்கினால் போடலாம். ஆபத்து தூசியில்தான், அது நுரையீரலுக்குப் போனால் வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாகவும் வரும். அதனால் கழற்றும் முன் தண்ணீர் தெளித்து நனையுங்கள், ஆணியைக் கழற்றி முழுசாக இறக்குங்கள், கிரைண்டரைக் கிட்ட விடாதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். உடைந்த துண்டுகளை மண்பாதையில் போட்டு நிரப்புகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டாம், மிதிபட்டு மாவாகும். ஏறுகிறவர் சீட்டின் நடுவில் கால் வைக்காமல், கீழே மரம் ஓடுகிற ஆணி வரிசையின் மேல் பலகை போட்டு, பலகையில் நடக்க வேண்டும். என்னோடு வேலை செய்த ஒருவர் சீட்டோடு உள்ளே விழுந்தார். அடியில் கட்டில் இருந்ததால் பிழைத்தார்.