பழைய வெர்ஷன், யாருடைய தலைவலி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மடிக்கணினியில் இருப்பது ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவின் (லினக்ஸையும் நிரல்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு) ஸ்டேபிள், அதாவது அதிகம் மாறாத, பதிப்பு. ஒரு நிரலில் பக் இருப்பதைப் பார்த்து, எழுதியவருக்கே மெயில் போட்டேன். 'போன வருடமே சரிசெய்துவிட்டேன், உங்கள் டிஸ்ட்ரோகாரர்களைப் போய்க் கேளுங்கள்' என்று எரிந்து விழுந்தார். அவர்களோ ஸ்டேபிளில் புது வெர்ஷன் வராது என்கிறார்கள். எழுதியவரே வேண்டாம் என்பதை வைத்திருக்க இவர்களுக்கு என்ன உரிமை?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உரிமை இருக்கிறது. யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்னும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட அன்றே எழுதியவர் அதைக் கொடுத்துவிட்டார். சண்டையெல்லாம் புகார் யார் வாசலில் வந்து நிற்கிறது என்பதில்தான்.

எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைப்பூட்டு நிரலை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கிக்கும் இதே தலைவலி. எப்போதோ சரிசெய்த பக்குகளுக்குப் புகார் வந்துகொண்டே இருந்ததால், வெர்ஷன் பழசானால் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியிலேயே 'இது மிகப் பழையது, புதுப்பியுங்கள்' என்று காட்டும்படி எழுதிவைத்தார். டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் ஸ்டேபிளிலோ வெர்ஷன் ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படியே உறைந்திருக்கும், பாதுகாப்புத் திருத்தங்களும் மோசமான பக்குகளுக்கான திருத்தங்களும் மட்டும்தான் வரும். 2016இல் டெபியனில் அந்த எச்சரிக்கையை வெட்டிவிடலாமா என்று பேச்சு வந்தபோது, அதற்குப் பதில் என் நிரலையே எடுத்துவிடுங்கள் என்றார் ஜவின்ஸ்கி. கோபம் நியாயம்தான். ஆனால் நடுவில் மிரண்டது, இரண்டு பக்கத்தையும் அறியாத பயனர். நூறு சர்வர் வைத்திருப்பவருக்கு ஒரே இரவில் எதுவும் மாறாமல் இருப்பதுதான் நிம்மதி, உறையவைப்பதே அவருக்காகத்தான்.

எனக்கு உறுத்துவது பழசாக வைத்திருப்பது அல்ல, உள்ளே கைவைப்பது. 2006இல் நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்று டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்கத்துக்கான நிரல்) பேக்கேஜில் ஓரிரு வரிகளை நீக்கினார்கள். மெயின்டெய்னர் (டிஸ்ட்ரோவில் அந்த பேக்கேஜைப் பராமரிப்பவர்) மேலே, அதாவது மூல நிரலை எழுதுபவர்களிடம், கேட்காமலும் இல்லை, அங்கே யாரும் அழுத்தமாக மறுக்கவில்லை, அவ்வளவுதான். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது: உருவாகும் குறியாக்கச் சாவிகளில் தற்செயல்தன்மை என்று மிஞ்சியது பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்கு சிஸ்டம் தரும் எண்) மட்டும், அதாவது ஒரு வகைச் சாவிக்கு அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள், எல்லாவற்றையும் முயன்றே பார்த்துவிடலாம். உபுண்டு உட்பட டெபியனை ஒட்டி வந்த டிஸ்ட்ரோக்களிலும் சாவிகளை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. பேட்ச் (நிரலில் திருத்தம்) போடுகிறவர், கேள்வியோடு நிறுத்தாமல் பேட்சையே மேலே அனுப்பி, சரி என்று வாங்கியபிறகு சேர்க்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் உங்கள் விஷயம். அடுத்தமுறை பக்கை முதலில் டிஸ்ட்ரோவிடமே பதியுங்கள், மேலே அனுப்ப வேண்டியதா என்று பார்ப்பது மெயின்டெய்னர் வேலை. புது வெர்ஷன் வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ் (ஸ்டேபிளுக்கென்று தனியாகத் தொகுத்த புது வெர்ஷன்கள்) மாதிரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அந்த டெவலப்பருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். எரிந்து விழுந்தது தப்புதான், ஆனால் அன்று அவருக்கு நீங்கள் எத்தனையாவது ஆளோ!