வீட்டிலேயே கார்பன் ஃபைபர் குழாயைச் சரியான விட்டத்தில் செய்வது எப்படி?

முதலில் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டில் எது முக்கியம் என்று முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே முறையில் பிடிப்பது கடினம்.

உள்விட்டம் என்றால் வேலை எளிது. பளபளப்பாகத் தேய்த்த அலுமினியத் தண்டில் நான்கைந்து முறை மெழுகு பூசி, எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் ரெசின் பசை) நனைத்த கார்பன் துணியை இறுக்கிச் சுற்றுங்கள். 20 மி.மீ. தண்டில் 0.25 மி.மீ. துணி 4 சுற்று வேண்டுமென்றால், சுவர் 1 மி.மீ., சராசரி விட்டம் 21 மி.மீ.; எனவே 21 × 3.14 × 4, அதாவது சுமார் 264 மி.மீ. அகலம், மேலடுக்குக்கு 5 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். மேலே சூட்டில் சுருங்கும் டேப்பைச் சுற்றிச் சூடாக்கினால் மிகுதி ரெசின் வெளியேறும்.

தண்டு கழலாமல் சிக்குவதுதான் பெரும் தலைவலி. அலுமினியம் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் கூடினால் 20 மி.மீ.க்கு ஏறத்தாழ 0.046 மி.மீ. விரியும், கார்பன் அவ்வளவு அசையாது. எனவே சூட்டில் இறுகிய குழாய் ஆறியதும் தண்டு தானே தளரும், ஆனால் உள்விட்டம் அந்த அளவு கூடும். தண்டை அதற்கேற்பக் குறைத்துக் கடையுங்கள். அறை வெப்பத்தில் இறுகும் ரெசின் என்றால் குழாயை ஃப்ரீசரில் வைத்து உருவலாம்.

வெளிவிட்டம் டேப்பின் வரிகளால் கெடும். தேய்த்துச் சரிசெய்யக் கார்பனைத் தொடாதீர்கள், நார் அறுந்து வலிமை போகும்; மேலே ஒரு கண்ணாடி இழைத் துணி சுற்றி அதை மட்டும் நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம்.