கல்யாண போட்டோக்களை வைக்க மலிவான எஸ்எஸ்டி போதுமா?

கும்பகோணத்தில் ஸ்டுடியோ திறக்கப் போவதாகவும், 1 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) ஒன்று பாதி விலைக்குக் கிடைப்பதாகவும், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மயிலாடுதுறையில் பதினான்கு வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். விண்டோஸும் எடிட்டிங் சாஃப்ட்வேரும் போட மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் படங்கள் அதில்தான் இருக்கும் என்றால் வேண்டாம்.

நான் அப்படி ஒன்றை வாங்கியிருந்தேன். திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். மறுநாள் வேறு முகூர்த்தம் இருந்ததால் இரவே படங்களை அதில் ஏற்றிவிட்டு கேமரா கார்டுகளை அழித்துவிட்டேன். விடியற்காலையில் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைக் காட்டவே இல்லை. சென்னைக்கு அனுப்பியும் மீட்க முடியவில்லை. சொந்தக்காரர்களின் செல்போன்களிலிருந்து நாற்பது சொச்சம் படங்களைத் திரட்டி ஆல்பம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த தை மாதம் அந்தப் பெரியவர் தவறிவிட்டார். வீட்டில் மாட்ட ஒரு படம் கேட்டு அவர் மகன் என்னிடம்தான் வந்தார். கொடுக்க என்னிடம் நல்ல படம் ஒன்றுகூட இல்லை.

விலை ஏன் குறைகிறது என்றால், எஸ்எஸ்டியின் சிப்பில் டேட்டாவை வைக்கும் சின்னச் சின்ன அறைகள்தான் செல்கள். ஒரு செல்லில் மூன்று பிட் எழுதுவது டிஎல்சி, நான்கு பிட் திணிப்பது க்யூஎல்சி. திணிக்கத் திணிக்க ஆயுளும் வேகமும் குறையும். ஒரே கம்பெனியில் பாருங்கள்: டிஎல்சி வகையான சாம்சங் 870 ஈவோ 1 டிபியில் அதன் ஆயுளில் மொத்தம் 600 டிபி வரை எழுதலாம், 5 வருட வாரண்டி. க்யூஎல்சி வகையான, அதே அளவு 870 க்யூவோவுக்கு 360 டிபி, 3 வருடம். க்யூவோவில் முதல் 42 ஜிபி வரை வேகமாக எழுதும், அப்புறம் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். கார்டிலிருந்து ஏற்றும்போது இது அவ்வளவாகத் தெரியாது, சாதாரண எஸ்டி கார்டே 90, 100 எம்பிக்கு மேல் தராது. டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு 200 ஜிபி மாற்றும்போதுதான் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கும். இதெல்லாம் பெயருள்ள கம்பெனி வெளிப்படையாகச் சொல்கிற கணக்கு. பெயர் தெரியாத டிஸ்க்கில் இந்தக் கணக்கே இருக்காது, உள்ளே எந்த சிப் என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியாது.

ஆனால் விலை உயர்ந்ததை ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டிகளில், கரண்ட் போகும் நொடியில் கையிலுள்ள டேட்டாவை எழுதி முடிக்க உதவும் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் இருக்காது. அவை சர்வருக்கான டிஸ்க்குகளில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதனால் முதலில் ஒரு யூபிஎஸ். அப்புறம் நடுத்தர விலையில் ஒரு டிஎல்சி எஸ்எஸ்டி, கூடவே 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. பழைய கல்யாணங்களை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் எஸ்எஸ்டியின் செல்களில் உள்ள மின்னேற்றம் கசியும், வெயில் கூடினால் இன்னும் சீக்கிரம்.

படங்கள் இரண்டு டிஸ்க்கிலும் ஏறி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் இப்போது கார்டை அழிக்கிறேன். முகூர்த்த நாட்களில் இதற்காகவே கூடுதலாக நான்கு கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். அந்த நான்கையும் உங்கள் பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.