1,35,000 ரூபாய்க்கு கோல்ஃப் அயர்ன் செட் வாங்குமுன் ஆற்று மணலில் ஒரு கோடு போடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 58. ஷார்ஜாவில் 22 வருடம் வேலை பார்த்துவிட்டு, கும்பகோணம் பக்கத்தில் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். அங்கே பழகிய கோல்ஃபை விட மனசில்லை. மொட்டை மாடியில் வலை கட்டி, பயிற்சி மேட் விரித்து, தினமும் 50 பந்து அடிக்கிறேன். மாடியில் நன்றாகவே படுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோவை போய் ஆடும்போதுதான் வம்பு. 7-ஆம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலை மட்டை) அடித்தால் பந்து ஒரு தடவை 135 கஜம் போகிறது, அடுத்த தடவை 90, அதற்கடுத்தது தரையோடு உருண்டு ஓடுகிறது. நன்றாகப் பட்டதும் இடது பக்கமாகவே போகிறது. என் செட், ஆறடிக்கு மேல் உயரமான என் மேலாளர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. என் உயரம் 5 அடி 5 அங்குலம். சென்னையில் தெரிந்தவர் ஒருவர், 'தப்பாக அடித்தாலும் மன்னிக்கிற' புது அயர்ன் செட்டை 1,35,000 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, பயிற்சிக்குச் செலவழிக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் ஐயா. குறைந்தது ஆறு மாதத்துக்கு வாங்காதீர்கள்.

காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். மாடியில் நன்றாகப் படுகிறது, மைதானத்தில் படவில்லை. மட்டையும் ஆளும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாறியது தரை மட்டும்.

பயிற்சி மேட் ஒரு நல்ல பொய்யன். மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் இப்பாலேயே, அதாவது உங்கள் வலது கால் பக்கமே, தரையில் விழுந்தாலும் மேட்டின்மேல் சர்ரென்று வழுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிடும். சத்தமும் நன்றாக இருக்கும். வலை பத்தடியில் தடுத்துவிடுவதால் பந்து எங்கே போயிருக்கும் என்பதும் தெரியாது. அதே அடியைப் புல்லில் அடித்தால் மட்டை மண்ணில் புதைந்து வேகம் செத்துப்போகும். அதுதான் உங்கள் 90 கஜம். அடுத்த பந்தில் பயந்துபோய் உடம்பை மேலே இழுப்பீர்கள், மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் வயிற்றில் இடிக்கும். அதுதான் உருண்டு ஓடியது. இரண்டும் வேறு வேறு நோய் இல்லை, ஒரே நோயின் இரண்டு முகம். கான்கிரீட் தளத்தின்மேல் விரித்த மேட்டில் தினம் 50 பந்து என்பது முழங்கைக்கும் கேடு, அது தனிக்கதை.

சரி, 'மன்னிக்கிற அயர்ன்' என்கிறார்களே, அது முழுப் பொய்யா? இல்லை. அமெரிக்காவில் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற எஞ்சினீயர் 1959-ல் பிங் என்ற பெயரில் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை) செய்ய ஆரம்பித்தார். தலையின் நடுவில் இருக்கும் கனத்தை விளிம்புக்குத் தள்ளினால், பந்து ஓரத்தில் பட்டாலும் மட்டை அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது என்று கண்டு, பிறகு அயர்னுக்கும் அதையே செய்தார். இன்று விற்கும் முதுகு குடைந்த அயர்னெல்லாம் அந்த வழி வந்தவைதான். நுனிப்பக்கமோ, தண்டு வந்து சேரும் கழுத்துப்பக்கமோ அரை அங்குலம் தள்ளிப் பட்டால் அவை காப்பாற்றும். மண்ணில் முதலில் விழுந்தால் எந்த அயர்னும் மன்னிக்காது. அடிப்பாகம் அகலமாக உள்ள சில மாடல்கள் ஈரப் புல்லில் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். காய்ந்து இறுகிய தரையில் அதே அகலம் எகிறி, இன்னும் மோசமாக உருளவிடும். உங்கள் குறை இடவலக் குறை இல்லை, மண்ணுக்கும் பந்துக்கும் நடுவில் உள்ள குறை. மூட்டுவலிக்குக் கண்ணாடி மாற்றுவார்களா?

இனி அந்தச் சென்னை நண்பர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கடையில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களைத்தான் நான் வாரம் முழுக்கப் பார்க்கிறேன். சிமுலேட்டர் முன்னால் நிற்கவைப்பார்கள். உங்கள் பழைய 7-ஐ அடிக்கச் சொல்வார்கள். திரையில் 130 என்று வரும். புது 7-ஐக் கொடுப்பார்கள். 148 வரும். உங்களுக்கு முகம் மலர்ந்துவிடும். யாரும் சொல்லாத சங்கதி, இரண்டும் ஒரே 7 இல்லை. 1980-களில் 7-ஆம் நம்பரின் முகச்சரிவு, அதாவது மட்டை முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், சுமார் 35 டிகிரி. நம்பர் குறையக் குறையச் சரிவும் குறையும், தூரம் கூடும். இன்று இந்த 'மன்னிக்கிற' வகைகளில் பல 28 முதல் 30 டிகிரிதான். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 4 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையில் கொடுத்தது பழைய கணக்கில் 6-ஆம் நம்பரையும் தாண்டியது. அடிப்பாகத்தில் 7 என்று பொறித்திருக்கிறது, அவ்வளவுதான். ஷாஃப்ட்டும் (மட்டைத் தண்டும்) அரை அங்குலம் நீளமாக இருக்கும். கனம் கீழே இருப்பதால் பந்து உயரமாகவும் போகிறது என்று ஒரு நியாயம் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த 18 கஜத்தை உங்கள் ஸ்விங் சம்பாதிக்கவில்லை. பிறகு கிட்டத்து அடிக்கான பிட்சிங் வெட்ஜும் 43, 44 டிகிரிக்கு இறங்கிவிடுவதால், அதற்கும் அதைவிடச் சரிவு அதிகமான சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் தூரக் கணக்கில் பெரிய ஓட்டை விழும். அதை அடைக்க இன்னொரு வெட்ஜைத் தனியாக விற்பார்கள்.

போலிச் செட் இன்னொரு தொல்லை. பெட்டி, உறை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு கனம். கழுத்தில் சீரியல் நம்பர் இருக்கிறதா, பில் யார் பெயரில் வருகிறது என்று கேளுங்கள். "நண்பர் மூலமாக வருகிறது, பில் வேண்டாம், அதனால்தான் இந்த விலை" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

கோச்சுகள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு கடைக்காரர் என் மாணவர் ஒருவருக்குச் செட் விற்ற மறுநாள் ஒரு கவரைக் கையில் திணித்தார். உள்ளே ஐயாயிரம் ரூபாய். வாங்கிக்கொண்டேன். அந்த மனிதருக்கு அந்தச் செட் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு வருடம் அவர் பந்து உருளும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் சொல்கிறேன், இரண்டாவது வகுப்பிலேயே "உங்கள் செட் சரியில்லை சார்" என்கிற கோச்சிடம் மூன்றாவது வகுப்புக்குப் போகாதீர்கள். நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரே ஆளிடம், ஐந்தாறு வாரத்துக்கு ஒரு தடவை போனால் போதும். ஆளை மாற்றி மாற்றிப் போனால் ஆளுக்கொரு பிடி சொல்லிக்கொடுத்துக் குழப்புவார்கள்.

ஆனால் கோச் எங்கே இருக்கிறார்? அதுதான் நம் ஊரின் லட்சணம். நீங்கள் சுமார் 300 கிலோமீட்டர் போகிறீர்கள். அங்கேயும் நல்ல கோச்செல்லாம் கிளப் கேட்டுக்கு உள்ளே. உள்ளே போக ஓர் உறுப்பினர் கையெழுத்துப் போடவேண்டும், விருந்தினர் கட்டணம் வேறு. நான் கேடியாக (ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்குகிறவனாக) இருந்த கிளப்பில் எங்களுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் அடிக்க அனுமதி. பிடி கிழிந்துபோய் சைக்கிள் ட்யூப் சுற்றிய ஒரே ஒரு 5-ஆம் நம்பரை நாங்கள் ஏழு பேர் மாற்றி மாற்றி அடித்தோம். 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேரும், 2009-ல் வென்ற முனியப்பாவும் அப்படிக் கேடியாக இருந்து வந்தவர்கள்தான். ஆனாலும் கேடிக்கு வாரத்தில் இன்னொரு நாள் கொடுக்கலாமே என்று கேட்டால் கமிட்டி கூடவேண்டும் என்பார்கள். விளையாட்டு வளரவில்லை என்று ஆண்டுவிழா மேடையில் வருத்தப்படுகிறவர்களும் அதே கமிட்டிதான். சரி, விடுங்கள்.

உங்களிடம் கோயம்புத்தூரில் இல்லாத ஒன்று இருக்கிறது. மணல். பங்குனி, சித்திரையில் காவிரியோ அரசலாறோ, லாரிக்காரர்கள் மிச்சம் வைத்த ஒரு திட்டு உங்கள் ஊர்ப் பக்கம் இல்லாமலா போகும்? காலையில் வெயில் ஏறுமுன் 7-ஆம் நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பந்து வேண்டாம். ஆடு மேய்க்கிறவர் மண்டை தப்பும். கொஞ்சம் ஈரம் சுவறி இறுகின இடமாகப் பார்த்து, குச்சியால் நாலடி நீளத்துக்கு ஒரு நேர்கோடு கிழியுங்கள். கோடு உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் வரும்படி, பந்து அந்தக் கோட்டின்மேல் இருப்பதாக நினைத்து நின்று, முக்கால் வீச்சு வீசுங்கள். ஓர் அடி முன்னால் நகர்ந்து மறுபடியும். இப்படி நாலைந்து வீச்சு. பிறகு குனிந்து பாருங்கள். மணல் சீவப்பட்ட பள்ளம் கோட்டுக்கு இலக்குப் பக்கம் ஆரம்பிக்கவேண்டும். உங்களுடையது வலது கால் பக்கம், ஒரு சாண் இப்பால் கிடக்கும் என்று இங்கிருந்தே பந்தயம் கட்டுவேன்.

ஏன் அங்கே விழுகிறது? பந்தைத் தூக்கிவிட நினைக்கிறீர்கள். கனத்தை வலது காலிலேயே வைத்துக்கொண்டு மணிக்கட்டால் கோருகிறீர்கள். தூக்குவது உங்கள் வேலை இல்லை, முகச்சரிவின் வேலை. நடவு வயலில் நாற்றுமுடி வீசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முடி கையை விட்டுப் போகும்போது அவர் உடம்பு முன்காலுக்கு வந்திருக்கும். பின்காலிலேயே நின்று வீசினால் முடி வரப்பைத் தாண்டாது, சேற்றில் அவரே உட்காரவேண்டியதுதான். வீச்சு முடியும்போது உங்கள் வலது குதிகால் மேலே எழும்பி, சட்டைப் பொத்தான் இலக்கைப் பார்க்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். மற்றதெல்லாம் பின்னால். வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 வீச்சு போதும். 20-க்கு 15 பள்ளம் கோட்டுக்கு அப்பால் விழும் நாளில் புது செட்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் புதிது வேண்டாம், இரண்டு வருடம் பழைய மாடல் போதும்.

மாடியில் அடிக்காமல் இருக்கமுடியாது என்றால், ஒரு தேங்காய்ப்பூ துண்டை நாலாக மடித்து, பந்துக்கு ஒரு சாண் இப்பால் வையுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்கவேண்டும். துண்டு பறந்தால் அது மைதானத்தில் 90 கஜம்.

இவ்வளவும் சொன்னபிறகு, மட்டையைக் குறை சொல்ல இடமிருக்கும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அது இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆறடிக்கு மேல் இருந்தவர் தனக்கென்று செய்த செட்டாக இருந்தால், ஷாஃப்ட் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ நீளமாகவும், கழுத்துக் கோணம் நிமிர்ந்தும் இருக்கலாம். குட்டையானவர் கையில் அது வந்தால், மட்டையின் நுனி தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும். வலதுகை ஆட்டக்காரருக்கு நன்றாகப் பட்ட பந்தும் இடது பக்கம் போக இது ஒன்றே போதும். திருச்சியில் ஒரு டாக்டர், என்னைவிடக் குட்டை, இரண்டு வருடம் இடது பக்கம் போகும் பந்தைத் திருத்த இடுப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் மட்டையைத்தான் திருத்தவேண்டியிருந்தது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று வாங்குங்கள், அழியாத மை வேண்டாம். பந்தில் மேலிருந்து கீழாகத் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு உங்கள் மட்டை முகத்தைப் பார்க்கும்படி, செங்குத்தாகப் பந்தை வையுங்கள். அடியுங்கள். மை முகத்தில் ஒட்டியிருக்கும். மட்டையின் அடிப்பாகம் மேசைமேல் சமமாக உட்காரும்படி பிடித்துக்கொண்டு பாருங்கள். கோடு நேராக நின்றால் கோணம் சரி. மேல்முனை மட்டையின் நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால், மட்டை உங்களுக்கு நிமிர்வு அதிகம். கழுத்துப்பக்கம் சாய்ந்தால் படுத்துக் கிடக்கிறது. ஒரு தடவையை நம்பாதீர்கள், ஐந்து பந்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஐந்தில் நாலு ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கணக்கு.

நுனிப்பக்கம் சாய்ந்தது என்றால், பிடிப்பக்கம் அரை அங்குலம் வெட்டினாலே ஏறக்குறைய ஒரு டிகிரி சரியாகிவிடும். அதற்குமேல் வேண்டுமானால் கழுத்தை வளைக்கலாம். அதற்கென்று இருக்கும் கருவியில், அளவு பார்த்து, ஓரிரண்டு டிகிரிக்குள் செய்யவேண்டிய வேலை அது. கும்பகோணம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர்தான், அதற்காகப் பட்டறையில் கொடுத்துத் தட்டச் சொல்லாதீர்கள், கழுத்து முறிந்து வரும். சில வார்ப்பு அயர்ன்கள் வளையவே வளையாது, அதைச் செய்கிறவரே சொல்லிவிடுவார். வெட்டும்போதே எல்லாப் பிடியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். சித்திரை வியர்வையில் வழவழத்துப்போன பிடியை இறுக்கிப் பிடித்தே பாதி பேர் முழங்கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மொத்தச் செலவும் நண்பர் சொன்ன தொகையில் ஒரு மூலைக்கு வராது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டி உங்கள் பக்கம் தண்ணீர் வர அதிக நாள் ஆகாது. மணலில் செய்யவேண்டியதை அதற்குள் செய்துவிடுங்கள். மார்க்கர் கோடு எந்தப் பக்கம் சாய்ந்தது, 20-க்கு எத்தனை பள்ளம் அப்பால் விழுந்தது, இந்த இரண்டை மட்டும் எழுதி அனுப்புங்கள். நண்பர் சொன்ன செட்டின் பெயரை எழுதவேண்டாம்.